விரதம் என்று நினைத்தேன்

போன வருஷம் மாசி மாதத்தில் என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். தூக்கத்தையும் விட்டார். நான் அதற்காக முருகனுக்குத் தேங்காய் உடைத்து நன்றி சொன்னேன்.

கந்தனை நம்பிப் பிழைக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, என் வயிற்றெரிச்சலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. உத்திர விழா மலரில் போட, "உனக்கு நடந்ததை நீயே எழுதிக் கொடு" என்று கோயிலில் கேட்டார்கள். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பாதியை மறைத்து எழுதினால் அது சாட்சி ஆகாது. முழுசாக எழுதினால் மானம் போகும். கடைசியில் அவரே, "எழுது புள்ள, எம்பேரையும் போட்டே எழுது" என்று சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ராஜேஸ்வரி. நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். இப்போது போர்ட் பிளேரில் போலீஸ் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறேன். வீட்டுக்காரர் முருகேசன், ஹெட் கான்ஸ்டபிள். அவர்கள் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ஒரே மகள் கவிதா, அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அவளைப் பாப்பா என்போம்.

அவருக்குக் குடி உண்டு. டியூட்டி முடிந்தால் நேராக வீட்டுக்கு வருகிற வழக்கம் கிடையாது. அடிக்க மாட்டார், கத்த மாட்டார். வந்து படுத்துவிடுவார், அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக முருகனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இந்தக் குடியை நிறுத்து, என் மனுஷனை எனக்குக் கொடு. கிருத்திகைக்குக் கிருத்திகை இதே பாட்டுத்தான். சாமிக்கே சலித்திருக்கும்.

இப்படியிருக்க, அவரை ஆறு மாதம் திக்லிபூர் பக்கம் ஒரு கரையோர அவுட்போஸ்ட்டுக்குப் போட்டார்கள். போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு பகல் அதிலேயே போய்விடும். நடுவில் இரண்டு தடவைதான் வந்தார். தை மாதக் கடைசியில் மாற்றலாகித் திரும்பி வந்தவர் பழைய ஆளாக இல்லை. இளைத்திருந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. வந்த மறுநாள், "இந்த வருசம் உத்திரத்துக்கு நான் காவடி எடுக்குறேன். நாப்பத்தெட்டு நாள் விரதம்" என்றார். குடியைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அவரே சொன்னார். "அந்தக் கருமம் இனி வேணாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. பூஜை அலமாரி முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

காப்புக் கட்டினார். ஒருவேளைச் சாப்பாடு என்று ஆரம்பித்து, அதுவும் இரண்டு வாய், பிறகு அதுவும் இல்லை. எதை வைத்தாலும் "வேணாம்". காபி? வேணாம். மோர்? வேணாம். தனிப் பாய் போட்டுக்கொண்டார், விரதமென்றால் அப்படித்தானே. ஆனால் அந்தப் பாயிலும் படுக்க மாட்டார். எந்நேரமும் ஏதாவது வேலை. ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கழற்றினார். பாத்திரமெல்லாம் தேய்த்தார். பல்லை நெறுநெறுவென்று கடித்துக்கொண்டே இருந்தார். கேட்டால் மனசுக்குள் மந்திரம் சொல்கிறேன் என்றார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமை அடித்தேன். கோயிலில் பெண்கள் பேச்சை எடுத்தாலே, "எங்க வீட்டுக்காரர் பச்சத் தண்ணி கூடத் தொடுறதில்ல அக்கா, தூங்குறதே இல்ல, முகத்தைப் பாருங்க, என்ன தேஜஸ்!" என்பேன். அவர்களும் நம்பினார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையால் விபூதி பூசச் சொன்னார்கள். அவர் பூசினார். பூசும்போது அவர் விரல் நடுங்கியது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

பாப்பாவுக்கு மட்டும் என்னவோ உறுத்தியிருக்கிறது. ஒரு நாள் நான் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, கீழ்வீட்டு அங்கிளும் காவடிக்கு விரதம் இருக்காரு. மத்தியானம் ஆனா பசி உயிர் போகுதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அப்பா ஒரு நாள் கூடப் பசிக்குதுன்னு சொல்லலியே?"

"உங்கப்பாவுக்கு முருகன் துணை இருக்கான்டி. பசிக்காது."

"அப்பா என்னைப் பார்க்கிறதே இல்லம்மா. பேசினா சுவரைப் பார்த்துப் பேசுறாரு."

மாவுக் கையோடு அவள் வாயில் ஒன்று போட்டேன். சாமி காரியத்தில் குறை சொல்கிறாயா என்று. அவள் அழவில்லை. கன்னத்து மாவைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் ஒரு தவிப்பு இருந்தது. வீட்டிலேயே இருந்தார், ஆனால் எனக்கு அவரைத் தேடியது. குடித்துவிட்டு வந்த நாட்களில் கூட, படுக்கும்போது "பாப்பா தூங்கிட்டாளா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைகூட இப்போது இல்லை. எங்கோ கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கிறவரை நினைத்து ஏங்குகிற மாதிரி, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷனை நினைத்து ஏங்கினேன். விரதம் முடிந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விரதத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, டியூட்டியிலிருந்து முகம் செத்து வந்தார். ஸ்டேஷனில் உத்தரவு வந்திருக்கிறதாம். துப்பாக்கி எடுத்துப் போகிற எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை. கரையில் போதைப் பொட்டலங்கள் ஒதுங்குவது இங்கே எல்லோருக்கும் தெரியும். போலீஸ்காரர்களில் யாராவது அதைத் தொட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறார்கள்.

"காப்புக் கட்டுன கையில மூத்திர டப்பாவைத் தூக்கிக்கிட்டு நிக்கவா? நீயே சொல்லு புள்ள" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நான்தான் வாய்க்காரி ஆயிற்றே. மறுநாள் பஞ்சாமிர்த டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் பெயர் தாஸ், பெங்காலி. எல்லோருக்கும் தாஸ் சாப். எங்களோடு ஹிந்தியில்தான் பேசுவார். நானும் ஹிந்தியில்தான் சண்டை போட்டேன். விரதக்காரரை அசுத்தம் செய்யலாமா, முருகன் கோபம் சும்மா விடுமா, உங்கள் வீட்டில் துர்கா பூஜை விரதம் இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்று அடுக்கினேன். அவர் பாவம், நல்ல மனுஷன். எங்களைப் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"டீக் ஹை, சரி, பாபி. உத்திரம் முடியட்டும். அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது" என்றார்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சந்தோஷமும் இல்லை. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உத்திரம் வந்தது. பங்குனி வெயில் தீவில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயில் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் ஆடின ஆட்டத்தை ஊரே பார்த்தது. மற்றவர்கள் நின்று நின்று, தண்ணீர் குடித்துப் போனார்கள். அவர் நிற்கவே இல்லை. கோயில் வாசலுக்கு வந்ததும் எல்லோரும் காவடியை இறக்கினார்கள். அவர் இறக்காமல் நின்ற இடத்தில் சுற்றினார், சுற்றினார், அப்படியே முகம் குப்புற விழுந்தார்.

"அருள் வந்திருக்கு, யாரும் தொடாதீங்க" என்று ஒருவர் சொன்னார். கூட்டம் விலகி நின்று கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். ஆமாம், நானும்தான். என் புருஷன் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறார், நான் கை கூப்பி நிற்கிறேன். பாப்பாதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். "அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு பிச்சுக்கிட்டு அடிக்குதும்மா! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, யாராவது தூக்குங்க!" என்று அவள் கத்தின கத்தலில்தான் அந்த மிதப்பிலிருந்து நான் கீழே இறங்கி வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன எடுத்துக்கிட்டாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே எடுத்துக்கல டாக்டர். விரதம். அதான் மயக்கம்."

"அம்மா, சிறுநீர்ல போதை மருந்து இருக்கு. கொஞ்சநஞ்சமில்ல."

உங்கள் சோதனை தப்பு என்று அவரிடமும் சண்டைக்குப் போனேன். விரதமிருந்தால் உடம்பு சூட்டில் அப்படித் தெரியும் என்று நானே ஒரு வைத்தியம் சொன்னேன். டாக்டர் உள்ளே இருந்த கட்டிலைக் காட்டினார். போய் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். கேட்கக்கூட இல்லை. அவரே, "ஆமா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

பிறகு மெதுவாக மீதியைச் சொன்னார். அவுட்போஸ்ட்டில் ஆள் குறைவு, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் முழித்திருக்க வேண்டியிருந்ததாம். ஒரு படகுக்காரன் கொஞ்சம் பொடி கொடுத்தானாம், தூக்கம் வராது என்று. கரையில் ஒதுங்கின பொட்டலத்திலிருந்து எடுத்தது. தூக்கம் மட்டுமா போயிற்று? பசி போயிற்று, குடி ஆசை போயிற்று, நாங்கள் போய்விட்டோம். விரதம் என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று திக்லிபூர் பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டாராம்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை விட முருகன் மேல் வந்த கோபம்தான் பெரிசு. நீயும் சேர்ந்து என்னை ஏமாற்றினாயா? இதற்கா தேங்காய் உடைத்தேன்? என்று பொருமினேன். கோயில் வாசல் மிதிக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

இரண்டு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். மூன்றாம் நாள் எழுந்து, கொண்டுபோன இட்லி எட்டையும் சாப்பிட்டார். பாப்பாவின் தலையில் கை வைத்து இனி தொட மாட்டேன் என்றார். சாப்பிட்டுவிட்டாரே, அப்போது குணமாகிவிட்டது என்று நான் மறுபடியும் நம்பினேன். சமையல்காரிக்குச் சாப்பாட்டைத் தவிர வேறென்ன தெரியும்? தாஸ் சாப் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வெயில் மயக்கம் என்று நாங்கள் சொன்னதை நம்பி, "திங்கட்கிழமை காலையில சாம்பிள். மறந்துடாதே, முருகேஷ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் நன்றாக இருந்தார். சனிக்கிழமை எங்கோ போய்விட்டு வந்தார். ஞாயிறு காலையில் மீன் குழம்பு வைத்துத் தட்டைப் போட்டேன். "வேணாம்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டூலில் ஏறி நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். அவருக்கும் நான் கண்டுபிடித்துவிட்டது தெரிந்தது. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைத் தொட்ட கை, இப்படியா தொட வேண்டும்!

"ஒரே ஒரு தடவ புள்ள. நீ போயி சொல்லு, ஒடம்பு இன்னும் சரியில்லைன்னு. ஒரு வாரம் தள்ளிப் போட்டாப் போதும், எல்லாம் வடிஞ்சிரும். நீ சொன்னா தாஸ் சாப் கேப்பாரு."

போகிறேன் என்று கிளம்பினேன். அண்ணன்மாரே, பொய் சொல்லத்தான் கிளம்பினேன். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், பாப்பா படிப்பு என்ன ஆகும், ஊரில் எப்படித் தலைகாட்டுவது, இதுதான் வழி முழுக்க ஓடியது. தாஸ் சாப் வீட்டுக்குப் போகிற வழியில்தான் கோயில். உள்ளே போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரோட்டிலேயே நின்று, வாசலில் நட்டிருந்த முருகன் வேலைப் பார்த்துப் பேசினேன். அதைப் பிரார்த்தனை என்று சொல்ல முடியாது, சண்டைதான்.

"இத்தனை வருஷமா எதை எதை நிறுத்தணும்னு உனக்குப் பட்டியல் குடுத்தேன். நீ எதையும் நிறுத்த வேணாம். எனக்கு அவரு வேணும். வேலை போகட்டும், மானம் போகட்டும். பாப்பா தூங்கிட்டாளான்னு கேட்ட மனுஷன் எனக்கு வேணும். எப்படிக் குடுப்பியோ குடு. இனிமே நான் வழி சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்றும் அதிசயம் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. ஆனால் தாஸ் சாப் கதவைத் திறந்து, "என்ன பாபி?" என்று கேட்டபோது, தயார் செய்து வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. "சாப், அன்னிக்கு நான் சொன்னது விரதம் இல்லை" என்று ஆரம்பித்துவிட்டேன். முழுசும் சொல்லி முடித்தேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே படிக்கு வந்தார். பிறகு சொன்னார்: "வியாழக்கிழமையிலிருந்து அவனுக்கு போட் பேட்ரோல், கடல் ரோந்து, போட்டிருக்கேன். ஒரே படகுல ஆறு பேர், அவன் கையில லோடு பண்ணின ரைஃபிள்." அதைக் கேட்டதும் நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "சோதனையில் பிடிபட்டா என் கையில ஒண்ணும் இல்லை, பாபி. ஆனா நாளைக்கு ஒன்பது மணிக்கு முன்னாடி அவனே வந்து, அவன் கையால எழுதிக் கொடுத்தா, முதல்ல சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லி நான் மேலே கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க முடியாது. நீ எழுதிக் கொடுத்தா செல்லாது. அவன் வரணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "எஞ் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்றார். வேறு திட்டவில்லை. அதற்கப்புறம் என்னோடு பேசவும் இல்லை.

திங்கட்கிழமை காலை. நான் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கும்பிட வாய் வரவில்லை, முருகா என்ற பெயர் மட்டும்தான் வந்தது. பாப்பா பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வாசலில் நின்றாள், போகவும் இல்லை. அவர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். எட்டே கால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. மெயின்லேண்டுக்கு ஓடிவிடுவாரோ, கடலில் விழுந்துவிடுவாரோ என்று என் புத்தி எங்கெங்கோ போயிற்று.

திடீரென்று பாப்பாவைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"பாப்பா, பேனா இருக்கா?" என்றார்.

அக்காமாரே, மாசக்கணக்கில் "வேணாம், வேணாம்" என்று மட்டும் சொன்ன வாய் அது. முதல் தடவையாக ஒன்றைக் கேட்டது. பாப்பா பையைத் தரையில் கொட்டிப் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் சட்டைப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார். என் பிரார்த்தனைக்குப் பதில் வந்ததை நான் அறிந்த நிமிஷம் அதுதான். அதற்குப் பின்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் கேட்டது முருகன் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தது.

எழுதிக் கொடுத்தார். சாம்பிளும் கொடுத்தார். துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள், விசாரணை நடந்தது. எதுவும் சுலபமாக முடியவில்லை. தாஸ் சாப் சொன்னபடி மேலே போய்ப் பேசி, சிகிச்சைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து கூட்டிப் போனார். மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையம். ஹேடோ துறைமுகத்தில் கப்பலேறும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நானும் பாப்பாவும் நின்றோம். மேல்தட்டில் எத்தனையோ பேர் கை ஆட்டினார்கள், அவரைக் காணவில்லை.

பிறகு வந்த மாதங்களை எப்படி எழுதுவது? அவர் போன் பேச மறுத்துவிட்டார். அண்ணன்தான் வாரம் ஒரு தடவை பேசுவார். "இருக்கான்மா ராஜி. ஒடம்பு தேறிட்டான். வாயத் தான் தொறக்க மாட்டேங்குறான்." நான் என்னைப் பற்றிக் கேட்டாரா என்று கேட்பேன். அவர் பேச்சை மாற்றுவார். மெயின்லேண்ட் கப்பல் சங்கு ஊதினால், பள்ளிக்கூடத்து அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிடுவேன். அவர் வர மாட்டார் என்று தெரியும். இருந்தாலும் காது அங்கே போய்விடும். அவர் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே வெட்கம். பாப்பா ஒரு நாள் பார்த்துவிட்டாள். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். அவளும் வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

குவார்ட்டர்ஸில் பேச்சு இல்லாமல் இல்லை. விபூதி வாங்கின பெண்களில் ஒருத்தி என் காதுபடவே, "தேஜஸ்னு சொன்னாளே!" என்றாள். சொன்னது நான்தானே, வாங்கிக்கொண்டேன். கோயிலுக்கு மறுபடி போக ஆரம்பித்தேன். முன்னால் போய் நிற்காமல் கடைசித் தூண் பக்கம் நின்று, "அவரு எனக்கு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். விரதம், நேர்த்தி என்று எந்தப் பேரமும் பேசவில்லை. என்றைக்கு, எப்படி என்று கேட்கவும் இல்லை. வாய்க்காரிக்கு இது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் நம்பரிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல அவர்தான் என்று எடுத்து, "மாமா, சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும். அந்த மூச்சை எனக்குத் தெரியாதா?

"கப்பல் டிக்கெட் கெடைக்குமான்னு பாரு" என்றார். "நீயும் பாப்பாவும் வாங்க. பாக்கணும் போல இருக்கு."

நான் பேசவே இல்லை. பேச முடியவில்லை. என் ஆயுசில் போனை வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். கடைசியில் அவரே, "புள்ள, இருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆயிற்று.

போனோம். பார்த்தோம். கார்த்திகைக்கு முன்னால் மூன்று பேருமாகக் கப்பலில் திரும்பி வந்தோம். அவர் மேல்தட்டில் எங்கள் நடுவில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வந்தார். கொஞ்ச நாள் கழித்து வேலையும் திரும்பக் கிடைத்தது. துப்பாக்கி இல்லாத வேலை, வயர்லெஸ் ரூமில். பதவி உயர்வு நின்றுபோயிற்று. முன்னறிவிப்பு இல்லாமல் காலையில் கூப்பிடுவார்கள், போய் சாம்பிள் கொடுக்க வேண்டும். இன்னும் எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவர் முணுமுணுக்காமல் போகிறார். தூக்கம் வராத நாட்கள் வருகின்றன. அந்தப் பொடியின் நினைப்பு வந்தால் என்னிடம் வந்து, "இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். நாங்கள் இரண்டு பேரும் அப்போது கடற்கரைப் பக்கம் போக மாட்டோம், ஊருக்குள் நடப்போம். அவர் ஏதாவது பேசுவார். சில நாள் பேசாமலே நடப்போம். எனக்கு அதுவே போதும்.

இந்த வருஷம் அவர் காவடி எடுக்கவில்லை. காப்புக் கட்ட வந்தவர்களில் ஒருவர் கேட்டபோது, "இந்த வருசம் வேணாண்ணே, நான் சும்மா வந்து கும்புட்டுட்டுப் போறேன்" என்றார். நான் யாரிடமும் பெருமை பேசவில்லை. பேச வாய் துறுதுறுக்கத்தான் செய்தது.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, எட்டாத தூரத்தில் இருக்கலாம். போலீஸ்காரராக இருக்கலாம், படகுக்காரராக இருக்கலாம், நீங்கள் பெற்ற பிள்ளையாக இருக்கலாம். எங்களுக்கு வெட்கமாக இருந்ததால் நாங்கள் சாகிற எல்லை வரை போனோம். நீங்கள் அவ்வளவு தூரம் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள், சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள். முருகனிடமும் சொல்லுங்கள். இப்படிச் செய், அப்படிச் செய் என்று என்னைப் போல அவனுக்கு வேலை வைக்காதீர்கள். யார் வேண்டுமோ அவர் பெயரை மட்டும் சொல்லி நில்லுங்கள். அவன் கை விட மாட்டான். என்னை விடவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து மறுபடி போன் வந்தது. மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு சாம்பிள் கொடுக்கப் போயிருக்கிறார். ரிப்போர்ட் சாயங்காலம்தான் தெரியும். எனக்குப் பயம் இல்லையா? இருக்கிறது. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பாப்பா, "ரிசல்ட் வந்த பிறகு எழுதி முடிம்மா. நல்லபடியா வந்தா அதையும் சேர்த்துப் போடலாம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன வருஷம் கண்ணால் பார்த்துவிட்டு நன்றி சொன்னவள் நான். இந்தத் தடவை சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். முருகா, உனக்கு நன்றி. இதை இப்போதே மடித்து, கோயிலில் கொடுக்கப் போகிறேன்.